கொரோனா போயிருச்சு, அசதி போகல: வீட்லயே தேறிட்டு இருக்கறவங்க கேக்குற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். கொரோனா வந்து தேறுறவங்கள முதல் அலைலேர்ந்தே பாத்துட்டு இருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி எமர்ஜென்சி முடிஞ்சுதுன்னு அறிவிச்சுருச்சு, ஆனா வைரஸ் எங்கயும் கிளம்பிப் போகல, கேஸ் கொஞ்சம் ஏறினா போதும், "காய்ச்சல் விட்ருச்சு, ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு"ன்னு போன் வர ஆரம்பிச்சுரும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள கீழ எழுதியிருக்கேன். இது லேசா வந்து வீட்லயே தேறுறவங்களுக்கு. ஐசியூல இருந்து வந்தவங்களுக்கு இது பத்தாது, அவங்க டிஸ்சார்ஜ் பண்ணின டாக்டர் சொல்றபடிதான் போகணும்.

டெஸ்ட் நெகட்டிவ் வந்துருச்சு, காய்ச்சலும் இல்ல. அப்புறம் ஏன் பாத்ரூம் போய்ட்டு வந்தாலே உக்காரணும் போல இருக்கு?

டெஸ்ட் சொல்றது மூக்குலயும் தொண்டைலயும் வைரஸ் பிடிபடுதா இல்லையான்னு மட்டும்தான். உடம்பு பழைய நிலைக்கு வந்துருச்சான்னு அதுக்குத் தெரியாது. காய்ச்சல் நேரத்துல வேலை செஞ்ச எதிர்ப்பு சக்தி உடனே அடங்காது, ஒரு வாரம் படுத்தே கிடந்தா தொடைத் தசை கரைஞ்சிருக்கும், வாய்க்கு ருசி தெரியாம அரை வயித்துக்குத்தான் சாப்ட்டிருப்பீங்க, இருமல்ல தூக்கமும் போயிருக்கும், எல்லாம் சேந்துதான் இப்ப இப்படி உக்கார வைக்குது. கொரோனாவுக்கு மட்டும்தான் இப்படின்னும் இல்ல. 2006ல சிக்குன்குனியா வந்தவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க, காய்ச்சல் நாலஞ்சு நாள்ல போச்சு, முட்டி வலி மாசக்கணக்கா போகலன்னு சொல்லுவாங்க. டைபாய்டு வந்து எழுந்தவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்ப யாரும் "உனக்குத்தான் சரியாயிருச்சே"ன்னு கேக்கல, கொரோனாவுக்கு மட்டும் நெகட்டிவ்னு ஒரு ரிப்போர்ட் கைல வந்துட்டதால எல்லாரும் அதப் பாத்து முடிவு கட்டிடறாங்க.

எத்தனை நாள் இருக்கும் இந்த அசதி?

நெறைய பேருக்கு ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல தெளிஞ்சுரும். சிலருக்கு இழுக்கும். டாக்டர்கள் பொதுவா 4 வாரம் வரைக்கும் நோயோட பாகம்னே எடுத்துப்பாங்க, 4லேர்ந்து 12 வாரம் வரைக்கும் இருந்தா இன்னும் தேறிட்டு இருக்கார்னு கணக்கு, 12 வாரம் தாண்டினா லாங் கோவிட்னு பாக்க ஆரம்பிப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: வழக்கமா நோய் வந்து 3 மாசத்துல தொந்தரவு இருக்கணும், அது குறைஞ்சது 2 மாசமாவது நீடிச்சிருக்கணும், வேற எந்த நோயாலயும் வந்ததா இருக்கக் கூடாது. அந்தக் கடைசி வரிய நல்லா கவனிங்க, கீழ டெஸ்ட் பத்தின கேள்வில அதுக்கு வர்றேன்.

லேசா வந்தவங்களுக்கு லாங் கோவிட் வராதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு. ஆஸ்பத்திரி பக்கமே போகாதவங்களுக்கும் வருது. தடுப்பூசி போட்டவங்களுக்கு வாய்ப்பு குறைவு, ஆனா வரவே வராதுன்னு சொல்ல முடியாது.

இப்பதான் பாசிட்டிவ். வீட்லயே இருக்கேன். எதைப் பாத்துக்கணும்?

தனி ரூம், ஜன்னல் தொறந்து வைக்கணும், மத்தவங்க இருக்கற எடத்துக்கு வந்தா மாஸ்க். 2022 ஜனவரில மத்திய அரசு வீட்டுத் தனிமைக்குக் கொடுத்த கணக்கு, பாசிட்டிவ் ஆகி 7 நாள், அதுல கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாம இருக்கணும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். 650 மில்லிகிராம் மாத்திரைன்னா 6 மணி நேரத்துக்கு ஒன்னு, அதுக்குள்ள இன்னொன்னு போடக் கூடாது. சளி மாத்திரைலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையத் திருப்பிப் பாத்துட்டுப் போடுங்க. கல்லீரல் பிரச்சினை இருக்கறவங்க டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க.

வெயிட் பண்ணவே கூடாத விஷயங்கள் இருக்கு. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, ஆக்சிஜன் 94க்குக் கீழ நிக்கறது, நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல மூச்சு விடறது, நெஞ்சுல அழுத்தமோ வலியோ, பேச்சு குழறுறது, ஆள் குழம்பிப் பேசுறது, உதடு நீலம் பூக்கறது, 3 நாளுக்கு மேல 100 டிகிரிக்கு இறங்காத காய்ச்சல். இதுல ஒன்னு இருந்தாலும் 108. அவசரம் இல்ல, சந்தேகம்தான்னா தமிழ்நாட்டுல 104க்குப் பேசலாம். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அதையும் அசதின்னு விட்றாதீங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னிக்கே காட்டணும்.

ஆக்சிமீட்டர் ஒரு நேரம் 97 காட்டுது, ஒரு நேரம் 91 காட்டுது. ராத்திரி பூரா மாட்டி மாட்டிப் பாத்துட்டே இருக்கேன்.

முதல்ல மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தா அந்த விரல விடுங்க. கை ஜில்லுன்னு இருந்தாலும் தப்பா காட்டும், உள்ளங்கைய நல்லா தேச்சு சூடாக்குங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு, நடு விரல்லயோ ஆள்காட்டி விரல்லயோ மாட்டி, கைய நெஞ்சு மேல வச்சுட்டு, நம்பர் ஆடாம ஒரு எடத்துல நிக்கற வரைக்கும் பொறுங்க. மாட்டின உடனே வர்ற முதல் நம்பர் கணக்கே இல்ல. நாளைக்கு மூணு நாலு தடவை போதும், எழுதி வச்சுக்குங்க. இப்படிப் பாத்தும் 94க்குக் கீழயே நின்னா மேல சொன்ன மாதிரி 108தான். ராத்திரி பூரா பாத்துட்டு இருந்தா ஆக்சிஜன் ஏறாது, தூக்கம்தான் போகும்.

ஒரு நாள் நல்லா இருக்கு, பழையபடி ஆயிட்டேன்னு நெனைக்கிறேன். அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோ எழவே முடியல. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பிச்சேன்னு வச்சுக்குங்க.

கொரோனா அசதில நெறைய பேருக்கு ஒரு வினோதமான குணம் இருக்கு. வேலை செய்யும்போது ஒன்னும் தெரியாது, அதுக்கான அடி 12லேர்ந்து 48 மணி நேரம் கழிச்சு விழும், சிலருக்கு மூணாவது நாள் கூட. அதனால எது காரணம்னே பிடிபடாது. புதன்கிழமை படுத்துட்டு "இன்னிக்கு நான் ஒன்னுமே செய்யலையே"ன்னு சொல்லுவாங்க, திங்கக்கிழமை என்ன செஞ்சீங்கன்னு கேட்டா வரிசையா வரும்.

ஒரு அக்கா, வீட்லயே ஜாக்கெட் தைக்கிறவங்க, கல்யாண சீசன்ல கொரோனா வந்துருச்சு. காய்ச்சல் விட்டதும், தேங்கிக் கிடந்த துணியெல்லாம் முடிச்சுடலாம்னு கொஞ்சம் தெம்பா இருக்கற நாள்ல காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மிஷின்ல உக்காந்துருவாங்க, அப்புறம் ரெண்டு நாள் கத்திரிக்கோலத் தூக்கக்கூட கை வராது, அந்த ரெண்டு நாள்ல இன்னும் துணி சேரும், கஸ்டமர் போன் பண்ணிக் கேப்பாங்க, அடுத்த நல்ல நாள்ல இன்னும் வெறியா தைப்பாங்க. என்னென்ன செய்றீங்கன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதச் சொன்னேன். பாத்தா மிஷின விட அவங்கள சாய்ச்சது கட்டிங். டேபிள் முன்னாடி நின்னு குனிஞ்சு அளவு போட்டு வெட்டறது. அதை உக்காந்து வெட்டற மாதிரி பலகைய இறக்கி வச்சோம், வெட்டற நாள் வேற, தைக்கிற நாள் வேறன்னு பிரிச்சோம், ஹூக் வைக்கிறது, காஜா எடுக்கறதெல்லாம் பொண்ணு பாத்துக்கிட்டா. முக்கியமா, நல்லா இருக்கற நாள்லயும் ஒரு ஜாக்கெட்டுக்கு மேல மிஷினத் தொடக் கூடாதுன்னு. அவங்களுக்குப் பிடிக்கவே இல்ல, "இப்பதான நல்லா இருக்கு, இப்ப செய்யலன்னா எப்ப செய்றது"ன்னு சண்டை. ஆனா படுத்த படுக்கையா இருக்கற நாள் கொறஞ்சு கொறஞ்சு, ரெண்டு மாசத்துல வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சம் வேலைன்னு ஒரு சீருக்கு வந்துட்டாங்க.

தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாத வீட்டுல டேங்க்ல தண்ணி இருக்கேன்னு மொத்தத்தையும் தொறந்து விடுவோமா? அதே கணக்குதான். படுத்துக் கிடக்கற நாள்ல யாரும் தப்பு பண்ண முடியாது, உடம்பே விடாது. தப்பு நடக்கறது நல்ல நாள்லதான்.

அப்ப எவ்வளவு வேலை செய்யலாம்னு எப்படித் தெரியும்?

அசதி வந்தப்புறம் நிறுத்தினா லேட். வர்றதுக்கு முன்னாடி நிறுத்தணும். ஒரு வாரம் எழுதிப் பாத்தா எவ்வளவு செஞ்சா மறுநாள் தாங்குதுன்னு ஒரு அளவு பிடிபடும், அந்த அளவுல முக்கால் பங்குல நில்லுங்க. வேலைங்கறது உடம்பு வேலை மட்டும் இல்ல, ஒரு மணி நேரம் போன்ல பேசுறது, பேங்க்ல க்யூல நிக்கறது, வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சிரிச்சுப் பேசிட்டு உக்காந்திருக்கறது, பிள்ளைக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறது, எல்லாமே கணக்குல வரும். நலம் விசாரிக்க வர்றவங்களாலயே நெறைய பேர் படுத்துடறாங்க, இது நான் கண்ணால பாக்குறது.

வீட்டு வேலைல சின்னச் சின்ன மாத்தம் பண்ணலாம். அடுப்படில ஒரு ஸ்டூல் போடுங்க. காய நின்னு நறுக்காதீங்க, அருவாமனைக்குத் தரைல உக்காந்து எழுந்திரிக்கறதும் இப்ப பெரிய வேலை, அதனால டைனிங் டேபிள்லயோ கட்டில்லயோ உக்காந்து பலகை வச்சு நறுக்குங்க. ஒரு குக்கர்ல சாதமும் பருப்பும் ஒன்னா வச்சுருங்க, மாவு கடைல வாங்குங்க, ஒரு மாசம் கடை மாவுல இட்லி சாப்ட்டா குடும்ப கௌரவம் போயிடாது. குடத்துல தண்ணி தூக்காதீங்க, பாதி பக்கெட் போதும்.

குளிக்கிறது எவ்வளவு பெரிய வேலைன்னு நல்லா இருக்கும்போது நமக்குத் தெரியாது. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிங்க, தண்ணி வெதுவெதுப்பா இருந்தாப் போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்தினா தலை சுத்தும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடாதீங்க, வெளிய ஒரு ஆள் இருக்கட்டும். தலைக்குக் குளிக்கிற நாள்ல வேற எந்தப் பெரிய வேலையும் வேணாம். துணி பிழிஞ்சு மொட்டை மாடில கொண்டு போய்க் காயப் போடறத வீட்டுல வேற யார்கிட்டயாவது விட்ருங்க, படி ஏறணும், பளு தூக்கணும், கைய மேல தூக்கணும், மூணும் ஒரே வேலைல வருது.

மாடி ஏறினா மூச்சு வாங்குது. என்ன பண்றது?

ஏறும்போது பேசாதீங்க, மாடிப்படில போன் வேணவே வேணாம். மூச்சு முட்டுற மாதிரி ஆச்சுன்னா உக்காந்து, கொஞ்சம் முன்னால சாஞ்சு, முழங்கைய தொடை மேல ஊனிக்குங்க, தோள தொங்க விடுங்க. உக்கார எடம் இல்லன்னா சுவத்துலயோ கைப்பிடிலயோ சாஞ்சுக்குங்க. மூக்கால மெதுவா இழுத்து, உதட்டக் குவிச்சு, சூடான டீய ஊதற மாதிரி வாயால மெதுவா விடுங்க, உள்ள இழுத்த நேரத்த விட வெளிய விடற நேரம் அதிகமா இருக்கணும். ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கணும். அடங்கலன்னாலோ, போன வாரத்த விட இந்த வாரம் அதிகமா வாங்குதுன்னாலோ டாக்டரப் பாருங்க. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாதான் சரியாகுதுன்னா தள்ளிப் போடவே கூடாது, அது இதய சம்பந்தமா இருக்கலாம்.

வாக்கிங் போனா தெம்பு வரும்னு எல்லாரும் சொல்றாங்க. போகலாமா?

யார் போறாங்கங்கறதப் பொறுத்தது. நடந்துட்டு வந்தா அன்னிக்கும் மறுநாளும் நல்லா இருக்கு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூடுதுன்னா தாராளமா போங்க. அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க, சமதரைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, நடக்கும்போது முழு வாக்கியமா பேச முடியணும். போன தூரம் திரும்பி வரணும்கறத மறந்துறாதீங்க, தெரு முனை வரைக்கும் போய்ட்டு அங்க கல்லுல உக்காந்துட்டவங்க உண்டு.

ஆனா மேல சொன்ன மாதிரி, நடந்துட்டு வந்து ரெண்டு நாள் கழிச்சு படுக்கைல விழறீங்கன்னா "தினமும் கொஞ்சம் கூட்டு"ங்கற அட்வைஸ் உங்களுக்கு இல்ல. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வருஷக்கணக்கா இப்படி விழற ஒரு நோய் கொரோனாவுக்கு முன்னாடியே இருக்கு, அதுக்கு இங்கிலாந்துல ரொம்ப நாளா படிப்படியா உடற்பயிற்சியக் கூட்டற முறையத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 2021 அக்டோபர்ல அந்த நாட்டோட மருத்துவ வழிகாட்டி அமைப்பு நைஸ் அதை வேணாம்னு எடுத்துருச்சு. என் தொழிலே உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கறதுதான், இருந்தாலும் சொல்றேன், இந்த வகை ஆளுங்களுக்கு மொதல்ல ஓய்வையும் வேலையையும் பிரிச்சு விழறத நிறுத்தணும், பயிற்சி அப்புறம்தான்.

ஜிம், ஷட்டில், கிரிக்கெட் எல்லாம், எந்தத் தொந்தரவும் இல்லாம முழுசா ஒரு வாரம் போனப்புறம் லேசா ஆரம்பிக்கலாம். கொரோனா நேரத்துல நெஞ்சு வலியோ படபடப்போ மயக்கமோ இருந்தவங்க இசிஜி, தேவைப்பட்டா எக்கோ எடுக்காம கிரவுண்டுக்குள்ள எறங்காதீங்க. இதய தசைல வீக்கம் இருந்தா விளையாடுறது ஆபத்து. வயசு 22ங்கறதெல்லாம் அதுக்குத் தெரியாது. மூச்ச அடக்கிப் பண்ற பிராணாயாமமும் இப்ப வேணாம், மெதுவா வயித்தால மூச்சு விடறது போதும்.

எழுந்து நின்னா தலை சுத்துது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பிபி பாத்தா நார்மல்ங்கறாங்க.

படுத்திருக்கும்போது நாடி எவ்வளவுன்னு ஆக்சிமீட்டர்ல பாருங்க, அதுல ஆக்சிஜன் நம்பருக்குப் பக்கத்துல இன்னொரு நம்பர் வரும், அதான் நாடி. அப்புறம் எழுந்து அசையாம நின்னு, 10 நிமிஷம் வரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்க. பக்கத்துல ஆள் இருக்கணும், கண் இருட்டினா உடனே உக்காந்துருங்க. சின்னப் பசங்க இல்லாத மத்தவங்களுக்கு, படுத்திருந்தப்ப இருந்தத விட நாடி 30ஓ அதுக்கு மேலயோ கூடி அப்படியே நின்னா, இதயத் துடிப்ப தானா கட்டுப்படுத்தற நரம்பு அமைப்பு தடுமாறுதுன்னு சந்தேகப்படலாம், அந்த நம்பர எழுதி எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. "டென்ஷன்தான்"னு அனுப்பி வைக்கறதுக்கு பதிலா அவர் பாக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கும். ரத்தம் கம்மியா இருந்தாலும், தைராய்டு அதிகமா இருந்தாலும் இப்படி அடிச்சுக்கும், அதையும் பாக்கணும். தண்ணி நல்லா குடிக்கிறது, உப்பு போட்ட மோர், படுக்கைல இருந்து ஒரேடியா எழாம கொஞ்ச நேரம் கால தொங்கப் போட்டு உக்காந்துட்டு எழறது, இதெல்லாம் உதவும். பிபி, கிட்னி, இதயப் பிரச்சினை இருக்கறவங்க உப்ப மட்டும் டாக்டரக் கேக்காம கூட்டாதீங்க.

என்ன டெஸ்ட் எடுக்கணும்? லேப்ல பெரிய பேக்கேஜ் ஒன்னு சொல்றாங்க.

பெரிய பேக்கேஜ் வேணாம். லாங் கோவிட்டக் காட்டற ரத்த டெஸ்ட்னு ஒன்னு இல்ல, நாம தேடறது வேற எது ஒளிஞ்சிருக்குன்னு. ஹீமோகுளோபின் உள்ள முழு ரத்தப் பரிசோதனை, சுகர், தைராய்டு, கிட்னிக்கு கிரியாட்டினின், கல்லீரல், பி12, வைட்டமின் டி, இதுலயே பாதி பேருக்கு ஏதாவது ஒன்னு சிக்குது. நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு ரத்த சோகை எவ்வளவு சகஜம்னு சொல்லவே வேணாம், கொரோனாவுக்கு முன்னாடியே இழுத்துப் பிடிச்சு ஓட்டிட்டு இருந்திருப்பாங்க, இப்ப வெளிய தெரியுது.

இன்னொன்னு, இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல போகுது, சாயங்காலம் லேசா காய்ச்சல் அடிக்குது, எடை எறங்குதுன்னா "போஸ்ட் கோவிட்"னு சும்மா இருக்காதீங்க, சளி டெஸ்ட் எடுங்க. டிபி டெஸ்ட்டும் மருந்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம்.

கொரோனா அப்ப ஸ்டீராய்டு குடுத்தாங்க. இப்ப சுகர் ஏறியிருக்கு.

ஸ்டீராய்டு சுகர ஏத்தும். நிறுத்தினப்புறம் சிலருக்கு எறங்கிரும், சிலருக்கு ஏற்கெனவே இருந்த சுகர் அப்பதான் தெரிய வரும், மூணு மாச சராசரி பாத்தா புரியும். சுகர் கூட இருந்தாலே அசதி இருக்கும், அதனால மொதல்ல அதக் கட்டுக்குள்ள கொண்டு வரணும். ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு ஸ்டீராய்டுனால லாபம் இல்லன்னு 2020லயே இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வு காட்டிருச்சு, ஆக்சிஜன்லயும் வென்டிலேட்டர்லயும் இருந்தவங்களுக்குத்தான் அது உயிரக் காப்பாத்துச்சு. பழைய சீட்ட வச்சு மெடிக்கல்ல கேட்டு அசதிக்குன்னு இப்ப மறுபடியும் வாங்கிப் போடாதீங்க. போட்டா ரெண்டு நாள் பறக்கற மாதிரிதான் இருக்கும், அதனாலதான் பயமா இருக்கு.

என்ன சாப்பிடணும்? கபசுர குடிநீர் இன்னும் குடிக்கணுமா? சத்து டானிக்?

தசை திரும்ப வர்றதுக்கு புரதம் வேணும், நம்ம சாப்பாட்டுல அது கம்மி. காலைல மூணு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி, இதுதான் "உடம்பு சரியில்லாதவங்க சாப்பாடு"ன்னு குடுப்பாங்க, ஒரு இட்லில புரதம் 2 கிராம் இருந்தாப் பெருசு. 60 கிலோ எடை உள்ளவங்களுக்கு நாளைக்கு 60 கிராமாவது வேணும். ஒரு முட்டைல 6 கிராம், ஒரு கப் சுண்டல்ல 12 கிராம் கிட்ட. முட்டை, மீன், கோழி சாப்பிடறவங்களுக்கு ஈஸி, சைவம்னா கெட்டிப் பருப்பு, சுண்டல், பயறு, தயிர், பனீர், வேர்க்கடலைன்னு ஒவ்வொரு வேளைலயும் ஏதாவது ஒன்னு. பசிக்கலன்னா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை. கிட்னி பிரச்சினை இருக்கறவங்க மட்டும் கேட்டுட்டு.

கபசுர குடிநீர் 2020ல அரசே வீடு வீடா குடுத்துச்சு, அப்ப குடிச்சீங்க சரி. அசதி போறதுக்கு மாசக்கணக்கா காய்ச்சிக் குடிச்சுட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல. வெறும் வயித்துல கசப்பா குடிச்சுட்டு வயிறு எரியுதுன்னு வர்றவங்களத்தான் அதிகம் பாக்குறேன். குடிக்கணும்னா சித்த மருத்துவரக் கேட்டு, எத்தனை நாள்னு தெரிஞ்சுட்டுக் குடிங்க. டானிக், கலர் கலர் மாத்திரை, இதெல்லாம் டெஸ்ட்ல குறை இருந்தாத்தான். இரும்பு மாத்திரை போட்டா டீ காபிய அதுலேர்ந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க. ஆவி பிடிக்கிறது மூக்கடைப்புக்கு இதமா இருக்கும், வைரஸையெல்லாம் கொல்லாது. கொதிக்கற பாத்திரத்த மடில வச்சுட்டு போர்வையப் போத்திக்கிட்டு தொடையச் சுட்டுக்கிட்டவங்க உண்டு, பாத்து.

பகல்ல தூங்கிடறேன், ராத்திரி தூக்கம் வரல.

பகல்ல கண்ண மூடிப் படுங்க, ஆனா அரை மணி நேரத்துக்கு மேல தூங்காதீங்க, சாயங்காலம் 4 மணிக்கு அப்புறம் வேணாம். காலைல ஒரே நேரத்துக்கு எழுந்து கொஞ்ச நேரம் வெளிச்சத்துல உக்காருங்க. ஓய்வுன்னா போன் பாத்துட்டு படுத்திருக்கறது இல்ல. ரீல்ஸ் தள்ளிட்டே இருக்கறதும் மூளைக்கு வேலைதான்.

அடுப்புல பால வச்சுட்டு மறந்துடறேன், பேசும்போது வார்த்தை வரல. மறதி நோய் வந்துருச்சா?

இல்ல. இது மூளையோட அசதி, அசதி கொறையக் கொறைய இதுவும் கொறையும். அது வரைக்கும் எழுதி வைங்க, போன்ல அலாரம் வைங்க, ஒரு நேரத்துல ஒரு வேலை. கணக்கு வழக்கு, பேங்க் வேலையெல்லாம் தலை தெளிவா இருக்கற நேரத்துல, பெரும்பாலும் காலைல. அடுப்பு எரியும்போது அடுப்படிய விட்டு நகராதீங்க. ஆனா திடீர்னு வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் வராம போறது, பேச்சு சுத்தமா நிக்கறது, இது வேற, இது பக்கவாதம், உடனே 108.

வாசனை இன்னும் வரல.

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம், நாலையும் தனித்தனி டப்பால வச்சு, ஒவ்வொன்னையும் 20 செகண்டு, காலைலயும் ராத்திரியும் மோந்து பாருங்க, அந்த வாசனை எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திக்கிட்டே. மூணு மாசமாவது விடாம செய்யணும். அது வரைக்கும் கேஸ் லீக் ஆனா உங்களுக்குத் தெரியாது, ராத்திரி ரெகுலேட்டர மூடிட்டுப் படுங்க, பழைய குழம்ப மோந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, வேற யாரையாவது மோந்து பாக்கச் சொல்லுங்க.

வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. "எனக்கும்தான் வந்துச்சு, நான் எழுந்து நடமாடலையா"ங்கறாங்க.

இதக் கேக்கறது முக்கால்வாசி வீட்டுப் பொம்பளைங்க. வீட்டுக்காரருக்கு வந்தா ரெஸ்ட், அவங்களுக்கு வந்தா "மெதுவா செய்". ஒரே வீட்டுல ஒரே வைரஸ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும், மாமியாருக்கு லேசா போனதால மருமகளுக்கும் லேசாத்தான் போகணும்னு இல்ல. இந்த அசதி வெளிய தெரியாது, முகத்தப் பாத்தா நல்லாத்தான் இருப்பாங்க, சாயங்காலம் வந்து பாக்குறவங்களுக்கு காலைல அவங்க பட்ட பாடு தெரியாது. வாய்ல சொல்லிப் புரிய வைக்கறது கஷ்டம், அதனால என்ன செஞ்சீங்க, எப்ப விழுந்தீங்கன்னு எழுதின அந்த நோட்டக் காட்டுங்க, டாக்டர்கிட்ட போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, அதே விஷயத்த டாக்டர் சொன்னா காது கேக்கும். வீட்டுல இருக்கறவங்க "ஏதாவது உதவி வேணுமா"ன்னு கேக்காதீங்க, "ஒன்னும் வேணாம்"னுதான் பதில் வரும். பாத்திரம் கழுவறது என் வேலைன்னு எடுத்துக்குங்க, சொல்லாமலே செய்யுங்க.

எதுலயும் பிடிப்பு இல்ல, அழுகையா வருது, இருந்து என்னன்னு தோணுதுன்னா 14416க்குப் பேசுங்க, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல எண், தமிழ்லயே எந்த நேரமும் பேசலாம். உசுர விட்றலாம்னு நெனப்பு வந்தா தனியா இருக்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க.

வேலைக்கு எப்பப் போறது? லீவு முடிஞ்சுருச்சு.

ஆபிஸ்ல கேட்டு பாதி நாள், இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆரம்பிக்க முடிஞ்சா நல்லது, கேக்கறப்ப டாக்டர் சர்டிபிகேட்டுல வெறும் "ரெஸ்ட்"னு இல்லாம எத்தனை மணி நேரம், பளு தூக்கலாமா கூடாதான்னு எழுதி வாங்கிக்குங்க. வேலைய விட போக்குவரத்துதான் நெறைய பேர சாய்க்குது, பஸ்ல ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போனா அங்க போய் வேலை செய்ய என்ன மிச்சம் இருக்கும். கூட்டத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ போக முடியுமான்னு பாருங்க.

தினக்கூலிக்குப் போறவங்ககிட்ட ரெண்டு மாசம் மெதுவா செய்யுங்கன்னு சொல்றது எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. சித்தாள் வேலைக்குப் போறவங்க கல்லு மண்ணு சுமக்கறத விட்டு கொஞ்ச நாள் கட்டின சுவத்துக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி வேலை கேக்கலாம், மேஸ்திரி ஒத்துக்கறது அவர் மனசப் பொறுத்தது. நூறு நாள் வேலைன்னா நெழல்ல இருக்கற வேலை கேளுங்க. வாரத்துல ஆறு நாள் போய் அப்புறம் பத்து நாள் படுக்கறதுக்கு மூணு நாள் போறது கைல அதிகம் நிக்கும், இதத்தான் அவங்ககிட்ட கணக்கு போட்டுக் காட்டுவேன். படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்க வீட்டுல இருந்தா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வந்து பண்றாங்க, உங்க ஊர் சுகாதார நிலையத்துல பேர் குடுங்க.

முடி கொத்துக் கொத்தா கொட்டுது!

காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டும், எந்தப் பெரிய காய்ச்சலுக்கும் இது உண்டு. அஞ்சாறு மாசத்துல நின்னுரும், திரும்ப வளரும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பாத்துட்டீங்கன்னா போதும், ஆயிரக்கணக்குல எண்ணெய் வாங்காதீங்க, அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்க.